மதிப்பகத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள்

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதன்முதலாகக் கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட், ஒரு நிமிடம்கூடப் பறக்கவில்லை. நான்கு செயற்கைக்கோள்களோடு வானிலேயே வெடித்துச் சிதறியது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்று கணினி முடங்கியதுதான் காரணம். கூட்டல், கழித்தல் குறியோடு சேர்த்து 16 பிட்டில் அடங்கும் உச்ச எண் 32,767. ஏரியான் 4-க்கு அது போதும் என்று கணித்து எழுதிய மென்பொருளையே, வேகம் கூடிய புதிய ராக்கெட்டிலும் வைத்திருந்தார்கள்.

எந்த எண்ணைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே இதைச் சொல்லித்தருகிறது. ஒரு சார்பு ஏற்கும் எண்களின் தொகுப்புதான் மதிப்பகம். ‘மதிப்பகம் காண்க’ என்று நேரடியாகக் கேட்டால் மாணவர்கள் எழுதிவிடுவார்கள். பெரிய கணக்கின் நடுவே அது வந்தால்தான் கோட்டை விடுகிறார்கள்.

மேலே எக்ஸ் வர்க்கம் கழித்தல் 9, கீழே எக்ஸ் கழித்தல் 3 என்றொரு பின்னம். சுருக்கினால் எக்ஸ் கூட்டல் 3. விடை சரி என்று டிக் விழும். ஆனால் 3 என்ற எண்ணைப் போட்டால் மூலப் பின்னத்தின் கீழே பூஜ்ஜியம். சுருக்கிய விடையோ சாதுவாக 6 என்கிறது. அடித்துச் சுருக்கிய கையோடு தடையும் காணாமல் போய்விட்டது. ஆகவே சுருக்குவதற்கு முன்பே மதிப்பகத்தைக் குறித்துவிட வேண்டும்.

எழுதும் முறையிலும் கவனம் தேவை. எக்ஸ் கழித்தல் 2-இன் வர்க்கமூலம் மேலே, எக்ஸ் கழித்தல் 5 கீழே என்று வைத்துக்கொள்வோம். மூலக்குறிக்குள் குறை எண் வரக் கூடாது. அதனால் 2 முதல் தொடங்கலாம். கீழே பூஜ்ஜியம் ஆகாது, 5 கூடாது. விடை: [2, 5) ∪ (5, ∞). 2-க்குச் சதுர அடைப்பு, ஏனெனில் அது சேர்த்தி. 5-க்கு இரு பக்கமும் வளைவு. ஓர் அடைப்பு மாறினாலும் விடை தப்புதான். இதில் ஆசிரியர்கள் கறாராக இருப்பது நியாயமே.

மதிப்பகத்தை மறப்பதன் விளைவு தேர்வுத்தாளோடு நின்றுவிடுவதில்லை. 1997-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் யார்க்டவுனில் ஒருவர் கணினியில் பூஜ்ஜியத்தை உள்ளிட, அது வகுக்கும் எண்ணாகப் போய், கப்பல் மணிக்கணக்கில் கடலில் நகராமல் நின்றது.

ஆகவே, பின்னமோ வர்க்கமூலமோ வரும் ஒவ்வொரு கணக்கிலும் மதிப்பகத்துக்கென ஒரு மதிப்பெண்ணை வினாத்தாள் தயாரிப்பவர்கள் ஒதுக்க வேண்டும்.