விலை இறங்கட்டும்னு காத்திருக்காதீங்க

இந்த வார எபிசோட்ல ஹார்ட் டிஸ்க் விலை வருஷா வருஷம் எப்படி சரிஞ்சதுன்னு பேசினோம். அதைக் கேட்டா, ‘இன்னும் ஒரு வருஷம் பொறுத்து வாங்கலாமே’ன்னுதான் தோணும். ஷ்வேப்யிதாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டா விடை வேற மாதிரி வருது.

1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த ராமாக் கம்ப்யூட்டரின் டிஸ்கில் 50 தட்டுகள். ஆனா கொள்ளளவு 4 எம்.பி.கூட இல்லை. முழு சிஸ்டத்துக்கும் மாத வாடகை 3,200 டாலர். அதுக்கப்புறம் அதே அளவு தட்டில் இன்னும் இன்னும் நெருக்கமா தகவலை எழுதக் கத்துக்கிட்டாங்க. ஃபிளாஷ் மெமரியில் ஒரு செல்லுக்குள்ளேயே மூணு, நாலு பிட் வைக்கிறாங்க. அதனாலதான் ஒரு ஜி.பி.யின் விலை இவ்வளவு இறங்குச்சு.

ஆனா இந்த இறக்கம் நேர்கோடு இல்லை. 2011-ல் பக்கத்து நாடான தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கினப்போ, சில வாரத்துலயே பல கடைகளில் விலை இரட்டிப்பாச்சு. நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 ஜனவரியில் ஒரு டாலர் சுமார் 1,330 கியாட். 2024 கடைசியில் வெளிச்சந்தையில் 4,000-க்கும் மேல். 50 டாலர் டிஸ்க் 40 டாலருக்கு இறங்கினதா வெச்சுக்கோங்க. அப்பவும் நம்ம கையில் 66,500 கியாட்டா இருந்தது 1,60,000 ஆகுது. தொழில்நுட்பம் குறைச்ச விலையை நாணயம் தின்னுடுச்சு.

சரி, நமக்கு எவ்வளவு இடம்தான் வேணும்? தாத்தா பாட்டி பேசறதை சாதாரண எம்.பி.3-யா பதிவு பண்ணினா, ஒரு மணி நேரத்துக்கு 60 எம்.பி.க்குள்ளதான் வரும். ராமாக்கில் அது நாலு நிமிஷம்கூட அடங்காது. இன்னிக்கு ஒரு 64 ஜி.பி. பென் டிரைவில் 1,000 மணி நேரம் அடங்கும். விலை நமக்கு எப்பவோ போதுமான அளவு இறங்கிடுச்சு. அடுத்த வருஷமும் டிஸ்க் கடையில் கிடைக்கும். அந்தக் குரல் இருக்குமான்னு யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதனால, பெருசா ஒண்ணு வாங்கக் காசு சேர்க்காம, சின்னதா ரெண்டு வாங்குங்க. குரல், பழைய போட்டோ, குடும்பப் பத்திரம் எல்லாத்தையும் ரெண்டிலும் ஏத்தி, ஒண்ணை வேற ஊர்ல இருக்கிற சித்தப்பாவோ அத்தையோ வீட்ல வைங்க. பென் டிரைவை வருஷக்கணக்கில் அப்படியே பூட்டி வைக்காதீங்க. செல்லில் இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். ஆறு மாசத்துக்கு ஒருதடவை கம்ப்யூட்டரில் போட்டு, எல்லா ஃபைலும் திறக்குதான்னு பாருங்க. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிடுங்க.