நமது கரையில் நின்ற வானொலிக் கம்பங்கள்

திருக்கோணமலையின் வரலாறு கூறப் புகுவோர் கோணேசர் ஆலயத்தையும் பிரெட்றிக் கோட்டையையும் தவறாது கூறுவர். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானியர் வீசிய குண்டுகளும் அவர்தம் நினைவில் உண்டு. கப்பல்துறைப் பக்கம் போய் வந்தவராயின் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளையும் மறவார். ஆயின் நகருக்கு வடக்கே கடலோரத்தில் ஜேர்மானியர் எழுப்பிய வானொலிக் கம்பங்களைப் பற்றி ஒரு பக்கந்தானும் எழுதுவாரைக் காண்கிலோம். இது நமது மாவட்டத்துக்கு ஒரு குறையென்றே கருதுகின்றோம்.

'டொயிச்ச வெல்லே' என்னும் ஜேர்மன் வானொலி 1953 மே 3ஆந் திகதி தொடங்கப்பெற்றது. ஐரோப்பாவிலிருந்து நேரே அனுப்பும் ஒலி தென்னாசியாவை எட்டும்போது வலி குன்றிவிடும். ஆதலின் அதனை இடையிற் பெற்று மீள அனுப்பும் அஞ்சல் நிலையங்களை அந்நிறுவனம் பிறநாடுகளில் அமைத்தது. ருவாண்டாவின் கிகாலியில் ஒன்று நிறுவிற்று. 1980களில் நமது கரையில் மற்றொன்று. சிற்றலைக் கருவிகளோடு 400 கிலோவாற்று வலுவுடைய மத்திய அலைக் கருவியும் இங்கே இயங்கியது. உவர்நீர் மின்னை எளிதிற் கடத்துவதாகையால் கடலோரம் மத்திய அலைக்கு மிக ஏற்ற இடமாகும். இரவிலே அவ்வலை வானத்து மின்னணு மண்டலத்திற் பட்டுத் திரும்பி இந்தியப் பெருநிலத்தில் வந்து வீழும். சிற்றலையோ இன்னும் விந்தையானது. அடுத்த மாகாணத்தானைத் தாண்டிச் சென்று அயல் நாட்டானிடம் பேசும் இயல்பினது.

இங்கே ஒரு வேடிக்கையையுங் கூறாதிருத்தல் இயலவில்லை. இலங்கையில் வானொலிப் பரிசோதனை தொடங்கிய காலத்தில், எட்வேட் ஹார்ப்பர் தலைமையில் தந்தித் திணைக்களத்தார் முதற் கருவியைப் பூட்டியது, போரிற் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் உறுப்புக்களைக் கொண்டேயாம். 1925 டிசெம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறையாக ஒலிக்கத் தொடங்கிற்று. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின் அதே ஜேர்மானியர் விருந்தினராய் வந்து தம் கருவியைத் தாமே பூட்டினர்!

பிற நாட்டார் நமது மண்ணிற் கம்பம் நடுவது அரசியலாகாமற் போகுமா? 1987 யூலை 29ஆந் திகதி ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் உடன்படிக்கை செய்தபோது பரிமாறிய கடிதங்களில், திருக்கோணமலைத் துறைமுகத்தைப் பற்றிய விதியோடு, அயல்நாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களுக்கு அளித்த வசதிகள் பொது ஒலிபரப்புக்கன்றி இராணுவ உளவு நோக்கங்களுக்கு உதவா என்ற விதியும் இடம்பெற்றது. அமெரிக்கக் குரலைக் கருதியே அது எழுதப்பட்டதென்பது பலர் கருத்து. எனினும் விதி எல்லோருக்கும் பொதுவாகவே நின்றது. நமது முற்றத்தில் நின்ற கம்பத்தைக் குறித்து டில்லியும் கொழும்பும் பேசின. முற்றத்துக்குரிய நம்மை எவரும் கேட்டிலர். அவர் கேளாமை ஒருபுறம் இருக்க, நாமும் வாய் திறந்திலோமே!

அந்நியர் தம் தேவைக்கு வைத்த பொறி, அது நமது வரலாறாகுமா என வினவுவார் உளர். பிரெட்றிக் கோட்டையை நாமா கட்டினோம்? போர்த்துக்கேயர் கட்டினர், ஒல்லாந்தர் திருத்தினர். அதனை நமதென்று பிள்ளைகளுக்குக் காட்டுகின்றோம். போராண்டுகளில், வீதிகள் அடைபட்டும் ஊர்கள் பெயர்ந்தும் இருந்த நாட்களில், அக்கருவியின் அருகே இருந்து பணி செய்த நம்மவர் கதை கோட்டைக் கதையினும் நமக்கு அணித்தன்றோ?

செயற்கைக் கோளும் இணையமும் சிற்றலையின் இடத்தைப் பற்றிக்கொண்டன. டொயிச்ச வெல்லே 2011இற் சிற்றலை ஒலிபரப்பைப் பெரிதுங் குறைத்தது. அதன்பின் சில ஆண்டுகளுள் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறியது. கிகாலி நிலையம் 2015இல் மூடுண்டது. கருவி கைமாறினாலும் நினைவு தானே கைமாறாது. அந்நிலையத்திற் பொறியியலாளராயோ காவலராயோ சாரதியாயோ கடமையாற்றியோர் முதுமை எய்தி வருகின்றனர்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டிலேயே பழைய மாணவர் சங்கம் இப்பணியை மேற்கொள்ளல் வேண்டும். அங்கே பணியாற்றிய நமது பழைய மாணவர் எவரேனும் இருப்பின் முன்வருவாராக. கடமைப் பட்டியல், நிழற்படம், ஒலிபரப்பைக் கேட்டு எழுதியோர்க்கு நிலையத்தார் அனுப்பிய அட்டை, இவற்றுள் எது வீட்டில் இருப்பினும் பிரதி எடுத்துக் கல்லூரி நூலகத்துக்கு அளிக்கலாம். பெரியோரிடம் சென்று கேட்டெழுதும் பணியை உயர்வகுப்புப் பௌதிக மாணவரிடம் விடுவோம். குறிப்பேடுகளுக்கான செலவைச் சங்கம் ஏற்கட்டும்.