ஊசி வடக்கைத்தான் காட்டும்



கணித பாடத்தில் ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், இது கொம்பாஸ் பெட்டிதானே? இதுக்குள்ள கொம்பாஸ் எங்க?" அவன் தேடியது திசைகாட்டியை. பெட்டிக்குள் இருந்தது கவராயம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். ஒன்று வட்டம் போடும், மற்றது திசை சொல்லும். வகுப்பே சிரித்தது. ஆனால் நம் பெரியவர்களுக்கே இந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை.

2024 நவம்பரில் திசைகாட்டிச் சின்னம் 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. நம்மில் பலரும் அதற்கே புள்ளடி போட்டோம். நவம்பர் 18இல் பதவியேற்ற 21 அமைச்சர்களில் ஒரு முஸ்லிமும் இல்லை. அன்றிலிருந்து முகநூலில் இரண்டு கூட்டம்.

முதல் கூட்டம் "அமைச்சர் எங்கே?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. இவர்கள் கையிலிருப்பது கவராயம். ஒரு காலைக் கதிரையில் ஊன்றி, அதையே சுற்றி வட்டம் போடுகிறார்கள். 2018 மார்ச்சில் திகன எரிந்தபோது அமைச்சரவையில் முஸ்லிம்கள் இருக்கவில்லையா? கொரோனா காலத்தில் நம் ஜனாஸாக்களை எரித்தபோது நீதி அமைச்சரே ஒரு முஸ்லிம்தானே?

இரண்டாவது கூட்டம், கேள்வி கேட்டாலே "இனவாதம் பேசாதே" என்கிறது. அமைச்சரவையில் நாம் இல்லாதது குறைதான். குறையைச் சொல்வது இனவாதமல்ல. திசைகாட்டியைக் கையில் எடுத்துவிட்டால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்.

எந்தத் திசைகாட்டியும் கிப்லாவைக் காட்டாது. ஊசி வடக்கைத்தான் காட்டும். கண்டியிலிருந்து மக்கா, வடக்கிலிருந்து வலஞ்சுழியாகச் சுமார் 294 பாகை. அதாவது மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே. அந்தக் கணக்கை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் இரும்போ காந்தமோ இருந்தால் ஊசி தடுமாறவும் செய்யும். அதிகாரமும் அப்படியொரு காந்தம்தான். அதனால்தான் அடிக்கடி சரிபார்க்க வேண்டும்.

நமது 294 பாகை எது? கடையையும் பள்ளிவாசலையும் எரித்தவனுக்குத் தண்டனை கிடைத்ததா? சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக நடக்கிறதா? நம் பிள்ளைக்குத் தகுதி இருந்தால் வேலை கிடைக்கிறதா? இவற்றை எழுதி வையுங்கள். எம்.பி. ஊருக்கு வந்தால் செல்ஃபி எடுக்கு முன் இதைக் கேளுங்கள்.

கணக்குத் தெரியாதவன் கையில் எந்தத் திசைகாட்டியும் விளையாட்டுச் சாமான்தான்.