தேய்ந்த ரேகைகளும் தேயாத மனமும்

நவம்பர் பிறந்துவிட்டால் வங்கிக் கிளைகளில் முதியோர் வரிசை நீள்கிறது. ஓய்வூதியம் தடையின்றித் தொடர, வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் மாதம் அது. 2014 நவம்பர் 10 அன்று 'ஜீவன் பிரமாண்' மின்னணுச் சான்றிதழ் தொடங்கப்பட்டபின், கருவியில் விரலை வைத்தாலே போதும் என்றாயிற்று. ஆயினும் சிலருக்கு அவ்விரலே தடையாகிவிடுகிறது.

தண்டவாளத்தில் சம்மட்டி பிடித்த கைகளிலும், அம்மியும் அடுப்புமாகவே வாழ்ந்து இன்று குடும்ப ஓய்வூதியம் பெறும் தாய்மாரின் கைகளிலும் ரேகை தேய்ந்திருக்கும். கருவி ஏற்காதபோது அவர்கள் விரலைத் துடைத்து மீண்டும் வைக்கிறார்கள். அடுத்த விரலை முயல்கிறார்கள். "நாளை வருகிறேன்" என்று படியிறங்குகிறார்கள். தொழில் நொடித்த மகனின் குடும்பமும் அந்த ஓய்வூதியத்தை நம்பியிருக்கக்கூடும். தவறுவது கருவி, கூசி நிற்பதோ அவர்கள்.

இவ்விடத்தில் நாம் ஒன்றை மறக்கலாகாது. ஓய்வூதியம் கருணையால் அளிக்கப்படும் கொடையன்று, செய்த பணியால் ஈட்டிய உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வரிசையில் நிற்கும் முதியவர் தமக்கு உரியதையே கேட்கிறார்.

வழிகளும் இல்லாமல் இல்லை. ரேகை பதியாதோர் கைப்பேசி வழியே முகப்பதிவு செய்து சான்றிதழ் பெறலாம். 80 வயது நிறைந்த மத்திய அரசு ஓய்வூதியதாரர்கள் அக்டோபர் 1 முதலே சான்றிதழை அளிக்கலாம். 70 வயதைக் கடந்தோருக்கு இல்லத்திலேயே சேவை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது.

எனினும், உதவுவதிலும் ஒரு முறை உண்டு. கைப்பேசியை வாங்கி நாமே நொடியில் முடித்துவிடுவது எளிது. கணக்குப் புத்தகத்தையும் ஏடிஎம் அட்டையையும் "இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொள்வதும் எளிது. அன்பினால் செய்தாலும், அவர்கள் இத்தனை காலம் காத்த தன்மதிப்பை அது குறைத்துவிடும். அருகில் அமர்ந்து, அவர்கள் கையாலேயே செய்யவிடுவோம். பிழை நேர்ந்தால் மறுமுறையும் பொறுத்திருப்போம். வங்கியில் பணிபுரியும் நமக்கும் இக்கடமை உண்டு: ஒரு நாற்காலி, அவசரமற்ற ஒரு விளக்கம், "மீண்டும் முயலலாம் ஐயா" என்னும் ஒரு சொல்.

பத்து விரலும் பதியாதபோதும் மறுநாள் வந்து நிற்பவரின் உறுதி பெரிது. அடுத்த நவம்பரில் அவரை இருமுறை படியேற விடாதிருப்பதே அவ்வுறுதிக்கு நாம் செய்யும் மரியாதை.