நெல்லுக்கு ஒரு வாசல், கடுகுக்கு வேறு வாசல்

புதுதில்லி: மரபணு மாற்றிய கடுகு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் 2024 ஜூலை 23-ல் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். பத்து மாதம் நிறைவதற்குள், 2025 மே 4-ல், மரபணு திருத்திய இரு நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌஹான் அறிவித்தார். கடுகு பட்ட பாட்டை நெல் படவில்லை. காரணம், பயிரை உருவாக்கிய முறை.

தில்லி பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழுவினர் உருவாக்கிய டி.எம்.ஹெச்.-11 கடுகில், மண்ணில் வாழும் பாக்டீரியாக்களின் மூன்று மரபணுக்கள் உள்ளன. 'பார்னேஸ்' மகரந்தம் உருவாவதைத் தடுக்கிறது; 'பார்ஸ்டார்' அத்தடையை நீக்குகிறது. பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் கடுகில் வீரிய ஒட்டு விதை பெறவே இந்த ஏற்பாடு. மூன்றாவதான 'பார்', களைக்கொல்லியைத் தாங்க வைப்பது. சர்ச்சை முழுவதும் இதைச் சுற்றித்தான். களைக்கொல்லியை விதை உற்பத்திக்கு மட்டுமே பயன்படுத்தலாம், விவசாயியின் வயலில் கூடாது என்று 2022 அக்டோபரில் நிபந்தனை விதிக்கப்பட்டது. அதை வயல்தோறும் கண்காணிப்பது யார்? அனுமதி பெறாத பருத்தி விதையை 2019-ல் மகாராஷ்டிரத்தின் அகோலாவில் விவசாயிகள் பகிரங்கமாகவே விதைத்த நாடு இது.

அயல் மரபணுவைச் செடிக்குள் செலுத்தப் பெரிதும் பயன்படுவது அக்ரோபாக்டீரியம். செடியின் காயம் வழியே நுழைந்து, தன் டி.என்.ஏ.யின் ஒரு பகுதியைச் செடியின் மரபுத் தொகுதியில் சேர்த்துக் கட்டியை உண்டாக்கும் கிருமி அது. கட்டிக்குக் காரணமான பகுதியை அகற்றி, வேண்டிய மரபணுவை அங்கே வைத்து அனுப்புகின்றனர். தங்கத் துகள்களில் பூசி மரபணுத் துப்பாக்கியால் செலுத்துவதும் உண்டு. விலங்குகளானால், கருவுற்ற முட்டைக்குள் நுண்ணூசி. மரபுத் தொகுதியில் எந்த இடத்தில் போய்ச் சேரும் என்பது இம்முறைகளில் பெரும்பாலும் தற்செயலே.

சாம்பா மசூரியிலிருந்து வந்த 'கமலா', எம்.டி.யு. 1010-லிருந்து வந்த 'பூசா டி.எஸ்.டி. 1' ஆகிய நெல் ரகங்களில், நெல்லின் சொந்த மரபணுவே கிரிஸ்பர் முறையில் திருத்தப்பட்டுள்ளது. அயல் மரபணு எஞ்சாத இத்தகைய பயிர்களுக்கு, 1989-ஆம் ஆண்டு விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 மார்ச்சில் விலக்களித்தது.

'எஞ்சாத' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வெட்டும் கருவியான காஸ்-9 மரபணுவும் பொதுவாக முதலில் அக்ரோபாக்டீரியம் வழியாகவே செடிக்குள் செல்கிறது. அதுவும் அயல் மரபணுதான். அடுத்த தலைமுறைகளில் அது இல்லாத செடிகளைத் தெரிந்தெடுக்கின்றனர். அது நீங்கிவிட்டதா என்று ஆராய்வது, பயிரை உருவாக்கும் நிறுவனத்திலேயே இயங்கும் உயிரிப் பாதுகாப்புக் குழு. உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி அதில் இடம்பெறுகிறார் என்பது உண்மையே. எனினும், கடுகு கடந்து வந்த மத்தியக் குழுவின் பரிசீலனைக்கு அது ஈடாகாது.

கடுகு வழக்கில் மாறுபட்ட நீதிபதிகள் நாகரத்னாவும் சஞ்சய் கரோலும் ஒன்றில் உடன்பட்டனர்: மாநிலங்களையும் விவசாயிகளையும் கலந்து, மரபணு மாற்றிய பயிர்களுக்குத் தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பது. மரபணு திருத்திய பயிர்கள் அதில் சேருமா என்று மாநிலங்கள்தாம் கேட்க வேண்டும். வேளாண்மை அவற்றின் பட்டியலில் உள்ளது.