எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

பெருங்கலையின் காலம் முடிந்துவிட்டது என்னும் பேச்சு மீண்டும் நம்மிடையே கிளம்பியிருக்கிறது. கம்பனோடு காவியம் போயிற்று. சோழரோடு சிற்பம் போயிற்று. எஞ்சியவை இரண்டொரு நல்ல கதையும் நாலைந்து கவிதையுமே என்று கற்றறிந்தோர் கூறுகின்றனர். கூட்டங்களில் இதனைக் கேட்டு நம் ஆசிரியப் பெருமக்கள் தலையசைக்கின்றனர். மறுநாள் அதே வாசகம் மாணவர் குறிப்பேட்டில் ஏறுகிறது. வெறும் ரசனை பற்றிய அபிப்பிராயமாக இஃது இருந்திருப்பின் நாம் வாளாவிருந்திருக்கலாம். லயத்திலிருந்து வந்து நம் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு, ‘உன் காலத்திலும் உன் மக்களிடத்தும் பெரிதென ஒன்றும் பிறவாது’ என்று கற்பிக்கும் பாடமாக அது மாறுகிறது. ஆகவேதான் எழுதுகிறோம்.

தஞ்சைப் பகுதியிலே காமன் பண்டிகைக்கு லாவணி பாடுவோர் இரு கட்சியாகப் பிரிவர். சிவனது நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. விடிய விடிய வாதம் நடக்கும். பெருங்கலை எரிந்தது என்பாருக்கு எரியாத கட்சியில் நின்று விடை கூற விரும்புகிறோம்.

அன்பர்கள் முதலில் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். 1880இல் கும்பகோணத்திலே சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த உ. வே. சாமிநாதையர், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கிச் சொன்னார். முதலியாரோ இவற்றால் என்ன பயன் என்றார். சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடங்கேட்ட மாணாக்கர் அவற்றைக் கண்டதுமில்லை. பின்னர் சிந்தாமணி 1887இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அவர் பதிப்பாய் வெளிவந்தன. இன்று நாம் தலைமேற் கொண்டாடும் பெருங்கலை, அன்றைய புலவர் கணக்கில் இல்லவேயில்லை. ஏடு இருந்தது, படிப்பார் இல்லை. ஒரு காலத்துப் பண்டிதர், தம் காலத்தில் எது பெரிது என்று சொல்லும் தீர்ப்பை நாம் எவ்வளவு நம்பலாம்?

புறநானூற்றையே எடுத்துக்கொள்வோம். அப்பாடல்கள் பாணர் மரபின் வாய்மொழி மண்ணில் முளைத்தவை என்பதைப் பேராசிரியர் க. கைலாசபதி தமது ஆங்கில ஆய்வு நூலிலே (1968) நிறுவ முயன்றார். அதற்கு அவர் துணைக்கொண்டது மில்மன் பரியின் ஆராய்ச்சி. ஹோமரின் மர்மத்தை அறிய விரும்பிய பரி, ஏட்டுச் சாலையை விட்டு யூகோஸ்லாவியாவின் கிராமங்களுக்குச் சென்றார். 1935இல் அவ்தோ மெதெதோவிச் என்னும் எழுத்தறியாத கசாப்புக்காரர் பன்னீராயிரம் அடிக்கு மேற்பட்ட காவியமொன்றை அவருக்குப் பாடிக் காட்டினார். ஹோமரைத் தேடியவன் கசாப்புக்காரனைக் கண்டான். நம் கற்றறிந்தோர் கம்பனைத் தேடிக் கம்பனின் சமாதியையே சுற்றுகின்றனர்.

பேராதனைச் சந்தியில் பதுளை வண்டி ஏறினால், அட்டன், தலவாக்கலை, நானுஓயா கடந்து பட்டிப்பொலையை அடையலாம். கடல்மட்டத்திற்கு ஆறாயிரம் அடிக்கு மேலே, இலங்கையிலேயே மிக உயர்ந்த இடத்தில் அமைந்த புகையிரத நிலையம் அது. மேனாட்டுப் பயணியர் இறங்கி ஹோட்டன் சமவெளிக்குப் போகின்றனர். மாசி மாதத்து மூன்றாம் பிறையில் இப்பாதையின் இருமருங்கும் உள்ள தோட்டங்கள் பலவற்றில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்படுவதை அவர்கள் அறியார்; அது பிழையன்று. நம்மவரும் அறியார் என்பதே நம் குறை.

காமன் கூத்தை ஒருமுறையேனும் முழுமையாகக் கண்டவர் பெருங்கலை எரிந்த கட்சியில் நிற்க மாட்டார். பிறை தொடங்கிப் பௌர்ணமியை ஒட்டி எரியூட்டும் வரை அதன் காலம். ரதியும் மன்மதனும் லயம் லயமாகச் செல்வர், தோட்டமே மேடை. ரதி வேடமிடுபவன் ஓர் ஆண். காலையில் பெரட்டுக்கு நின்றவன். சிவன் தவத்தைக் கலைக்கப் புறப்படும் கணவனை அவள் தடுக்கிறாள். போகாதே என்கிறாள். கடமை என்கிறான். போனவன் சாம்பலாகிறான். தப்பின் அடி மாறுகிறது, ரதி புலம்புகிறாள். அந்தப் புலம்பல் புராணத்தின் இராகத்தில் வருவதில்லை, லயத்து ஒப்பாரியில் வருகிறது. மூடுபனியில் கம்பளி போர்த்திக் குந்தியிருக்கும் பெண்கள் ரதிக்காகவா அழுகின்றனர்? மேலே உள்ளோர் ஏவிய வேலைக்குப் போய்த் திரும்பாத ஆண்மக்கள் இம்மலைகளிலே கொஞ்சமல்லர். தேவர்களின் காரியத்துக்காக மன்மதன் செத்தான் என்னும் பழங்கதை, பிறர் செல்வத்துக்காகத் தேய்ந்த ஒரு சமுதாயத்தின் கதையாக அந்தப் பொட்டலில் மாறுகிறது. துன்பியல் என்று கிரேக்கரைப் பற்றி எழுதுவோர்க்கு இதற்கு மேல் வேறென்ன வேண்டும்?

இது பழைய சடங்கு, நவீன கலையன்று என்பார் உளர். பழங்கதையைக் கொண்டதனால் பழங்கலையாமெனில் இராமகதையை எடுத்த கம்பனும் பழையவனே. 1956இல் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’யை அரங்கேற்றியபோது அவர் எடுத்ததும் ஒரு சாதகக் கதை; வடிவமும் பழைய நாடகமே, தமிழ்க் கூத்தினின்று கிளைத்ததென ஆராய்ச்சியாளர் கூறும் நாடகம். எனினும் நவீன சிங்கள அரங்கு அன்றே பிறந்தது என்பர். அதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையிலெடுத்து 1962இல் ‘கர்ணன் போர்’ முதலாக அடுத்தடுத்து மேடையேற்றினார். கீழ்க்கரையிலிருந்து வந்த மாணவர் தம் ஊர்க் கூத்துக் கலைதான் என்று அன்று தலை நிமிர்ந்தனர். அந்தப் பேராதனை மலைநாட்டின் வாசலிலேயே இருக்கிறது. காமன் கூத்துக்கோ, மனமேக்கும் இராவணேசனுக்கும் கிடைத்ததொரு பெயர் இன்றுவரை வாய்க்கவில்லை. ‘நாட்டார் வழக்காறு’ என்னும் அலுமாரியில் அதனை வைத்துப் பூட்டியிருக்கிறோம். விழாக்களிலோ, அமைச்சர் வரும்வரை பத்து நிமிடம் ஆடச் சொல்கிறோம். விடிய விடிய ஆடவேண்டியதைப் பத்து நிமிடமாக்கி, அதில் பெருமையைக் காணோமே என்பது என்ன நியாயம்?

எழுத்திலக்கியத்தின் நிலையும் இதுவே. 1960களின் தொடக்கத்தில் உழைப்பாளி மக்களின் பேச்சைக் கதையில் எழுதியோரை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் தூற்றினர். அந்நாட்களில்தான் என். எஸ். எம். இராமையா ‘ஒரு கூடைக் கொழுந்து’ எழுதினார். அக்கதை நூலேறியது 1980இல். மொத்தத்தில் அவர் எழுதியதே கொஞ்சம், 1990இல் மறைந்தார். தராசிலே நிறுக்கப்படும் கொழுந்துக்குள் ஒரு பெண்ணின் மானத்தை நிறுத்துக் காட்டிய கதைஞன், செக்கோவின் பக்கத்தில் அமரத் தகுதியுள்ளவன் என்று நாம் துணிந்து கூறுவோம். தெளிவத்தை ஜோசப்புக்கு 2013இல் தமிழகத்தார் விஷ்ணுபுரம் விருது வழங்கிய பிறகே நம்மவர் சிலர் அவர் நூலைத் தேடினர்.

இனி, நம் கட்சியாரை நோக்கியும் ஒரு சொல். மலையகத்திலிருந்து வருவதெல்லாம் மாபெரும் கலை என்று மாலை சூட்டுவோர் எரிந்த கட்சிக்கே உதவி செய்கின்றனர். இரத்தம், வியர்வை, விடியல் என்னும் மூன்று சொற்களை வரிசை மாற்றி அடுக்கினால் கவிதையாகிவிடாது. துன்பம் உண்மை, அதனைச் சொன்ன சொல் பொய்யாக இருக்கலாம். ரதியின் புலம்பலில் ஒரு சொல் மிகுந்தால் வாத்தியார் அந்த இடத்திலேயே திருத்துகிறார். நம் விமர்சகர்களோ நூல் வெளியீட்டு விழாவிலே ஒருவரையும் திருத்துவதில்லை. அணைத்துக்கொள்வதும் ஒருவகைப் புறக்கணிப்பே. சமமாக மதிப்பவனிடத்தே அல்லவா சண்டை பிடிப்போம்?

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பிரித்தது. இந்த மலைப்பாதையில் இறங்கிய வண்டிகளில் தலைமன்னாருக்குப் போனோரிடையே கூத்து வாத்தியாரும் தப்புக்காரரும் இருந்தனர். ரதி ஒரு கரையிலும் மன்மதன் மறுகரையிலுமாகப் பிரிந்த கூட்டங்கள் எத்தனையோ! அதன் பின்னும் கம்பம் ஊன்றப்படுகிறது. இளைஞர் கொழும்புக்கு வேலை தேடிப் போகின்றனர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருபவர் மாசியில் வருவதில்லை. முதியவரின் கொப்பியில் இருக்கும் பாட்டு அவர் காலத்தோடு போகலாம். அதனைச் சங்க ஏடுகளைப் போல இரண்டாயிரம் ஆண்டு கழித்துத் தேட முடியாது. கொப்பியைக் கறையான் அவ்வளவு காலம் விட்டுவைக்காது.

‘நான் கண்ட கலைநிகழ்ச்சி’ என்று கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்தோமானால் நம் மாணவர் சினிமாவைப் பற்றியும் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியைப் பற்றியும் எழுதுகின்றனர். தந்தை ரதி வேடங் கட்டும் பையனும் அவ்வாறே எழுதினான். ஏன் கூத்தைப் பற்றி எழுதவில்லை என்று கேட்டதற்கு, “அது கலைநிகழ்ச்சியா, சேர்?” என்றான். அவனுக்கு இந்த ஐயத்தைக் கற்பித்தவர் யார்? தோட்டத்தார் அல்லர். கம்பனோடு எல்லாம் முடிந்தது என்று கரும்பலகையில் எழுதுகிறவரே.

ஆசிரிய நண்பர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. வரும் மாசியில் ஒரு கொப்பியும் ஒலிப்பதிவு செய்யும் கைத்தொலைபேசியுமாக ஓர் இரவு போய் அமருங்கள். பாட்டைத் தொடக்கமுதல் முடிவுவரை எழுதுங்கள். வாத்தியாரின் பெயரை, அவருக்குக் கற்பித்தவரின் பெயரோடு, தலைப்பிலேயே போடுங்கள். எந்த இடம் தளர்ந்தது, எந்த ஆண்டு ரதி நன்றாகப் பாடினாள் என்று இந்தப் பக்கங்களில் எழுதிச் சண்டையிடுங்கள். எந்தத் தோட்டத்தில் கம்பம் ஊன்றுகிறார்கள் என்று அறிய யாரையும் தேடி அலையவேண்டியதில்லை. வகுப்பின் பின்வாங்கிலைக் கேட்டாலே போதும்.