பாறு என்பது 'ஒரு வகைப் பறவை' அன்று

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசிய அன்பர், நிலத்தை ஐந்தாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் பூவும் புள்ளும் விலங்கும் வகுத்த மரபு நம்முடையது என்றார். கைதட்டினோம். சற்று நேரம் கழித்து அரசியல்வாதிகளைச் சாடும்போது 'பிணந்தின்னிக் கழுகுகள்' என்றார். அதற்கும் கைதட்டினோம். அந்த இரண்டாவது கைதட்டலின் மீதுதான் எனக்கு வழக்கு.

அப்பறவைக்குத் தமிழில் நல்ல பெயர் உண்டு: பாறு. சங்கப் பாடல்களின் போர்க்களங்களில் அது பலமுறை வந்திறங்குகிறது. சடாயுவைக் காவிய மாந்தனாகவே உயர்த்தியவர்கள் நாம். புள்ளிருக்குவேளூர் என்னும் ஊர்ப்பெயரில் இருக்கும் புள் அந்தச் சடாயுதான். திருக்கழுக்குன்றத்து மலையில் நண்பகலில் அர்ச்சகர் இட்ட அமுதை உண்ண நாள்தோறும் வந்த இரு பறவைகள் மஞ்சள்முகப் பாறுகள். 1990களுக்குப் பிறகு அவை வரவில்லை. தலபுராணம் பாடிய சமூகம் காரணம் கேட்கவும் இல்லை.

நாடெங்கும் அவ்வினம் மறைந்துகொண்டிருந்த காலம் அது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. பாகிஸ்தானில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு காரணத்தைக் கண்டறிந்தது. மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே அது. மருந்தேறிய மாடு இறந்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படிகிறது. சில நாள்களில் பறவை மடிகிறது. கூட்டமாக உண்ணும் பறவையாதலால் ஒரே சடலம் பலவற்றைக் கொல்லும். ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடும் இனம் இந்த இழப்பை எங்ஙனம் ஈடுசெய்யும்?

கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது 2006இல் தடைசெய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக் கொட்டிலுக்குப் போய்க்கொண்டேயிருந்தன. எனவே 2015இல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. அசிக்ளோஃபினாக், கீட்டோப்ரோஃபென் ஆகியவற்றைத் தடைசெய்ய 2023 வரை காத்திருந்தோம். ஒவ்வொரு தடையும் பறவைகள் செத்த பின்னரே வந்தது.

'பாவப்பட்ட விவசாயியின் மாடு வலியில் துடிக்கட்டுமா? மனிதன் முக்கியமா, கழுகு முக்கியமா?' என்று கேட்கும் முற்போக்கு நண்பர்கள் எனக்கு உண்டு. பாறுகளுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் என்னும் மாற்று மருந்து 2006 முதலே அறியப்பட்டது. மாட்டின் வலியைத் தீர்க்கப் பறவையைக் கொல்ல வேண்டியதில்லை. மனிதரைப் பற்றியும் சொல்கிறேன். பாறுகள் அற்றுப்போனதால் அழுகும் சடலங்களும் தெருநாய்களும் பெருகின, நீர் கெட்டது. 2000க்கும் 2005க்கும் இடையில் அதனால் இந்தியாவில் ஏறத்தாழ 5 லட்சம் மனிதர் கூடுதலாக இறந்திருப்பர் என்று 2024இல் வெளிவந்த பொருளியல் ஆய்வொன்று மதிப்பிடுகிறது. கேள்வியே தவறு, நண்பர்களே.

இன்று தமிழகத்தில் இவற்றின் கடைசிப் புகலிடம் முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் இணைக்கும் மோயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றோரத்து நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றையும் சேர்த்துக் கணக்கெடுத்தாலும் சில நூறு பறவைகளே தேறுகின்றன. ஒரு மருந்துக்கடையின் அலட்சியம், புலியைப் பழிவாங்க மாட்டுச் சடலத்தில் தடவும் நஞ்சு, இவற்றில் ஒன்று போதும், ஒரு கூட்டமே அழிய.

இதில் தமிழ் படித்தவனுக்கு என்ன வேலை? குற்றத்தில் பங்கு இருக்கிறது என்பதே என் விடை. பாட்டில் பாறு என்று வந்தால் 'ஒரு வகைப் பறவை' என்று உரை சொல்லிக் கடந்துபோனவன் நான்; பல ஆண்டுகள் அப்படித்தான் பாடம் நடத்தினேன். மாணவர் கேட்கவில்லை, நானும் தேடவில்லை. எருவையும் அப்படியே, வருடையும் அப்படியே. பெயர் பொருளிழந்த பிறகு அப்பெயருக்குரிய உயிர் அழிந்தால் யாருக்கு வலிக்கும்? 'பாறுதல்' என்ற வினைக்கு அழிதல் என்றொரு பொருள் உண்டு என்பதைத் தேர்வில் கேட்போம். அழிந்துகொண்டிருப்பது எது என்று கேட்கமாட்டோம்.

ஆகவே சொல்கிறேன். நம் சிற்றிதழ்களிலும் மேடைகளிலும் 'பிணந்தின்னி' என்ற வசையை நிறுத்துவோம். ஊரைத் தூய்மையாக வைத்திருந்த பறவையைக் கயவர்க்கு உவமையாக்குவது நன்றிகெட்ட செயல். பாறுகளுக்குக் கேடில்லை என்று நிறுவப்பட்ட பிறகே எந்தக் கால்நடை வலிநீக்கியும் சந்தைக்கு வரவேண்டும் என்று கேட்போம். காட்டில் இயற்கையாக இறந்த விலங்கைப் புதைக்காமல், எரிக்காமல் அவற்றுக்கு விட்டுவைக்கக் கோருவோம். இவற்றைக் கேட்கத் துணிவில்லையெனில், ஐந்திணைப் பெருமையை இனி மேடையில் பேச வேண்டாம். நிலத்தைக் காக்காதவனுக்குத் திணை வெறும் மனப்பாடப் பகுதி.